விலைக்கு வாங்கிய புகழும் வேரூன்றிய எழுத்தும்

இலக்கியத்திலே புகழ் எங்ஙனம் பிறக்கின்றது என்பது பழைய வினா. ஒருவன் எழுதுகின்றான். அதனை எங்கோ ஒருவர் படிக்கின்றார். படித்தது நெஞ்சிலே தைத்தால் அயலாரிடம் சொல்லுகின்றார், நூலை இரவலாகக் கொடுக்கின்றார், உடன்படாதவிடத்து வாதிடுகின்றார். இவ்வாறு கையிலிருந்து கைக்கும் வாயிலிருந்து செவிக்கும் பரவுகின்ற மதிப்பையே இலக்கிய உலகம் புகழ் என்று வழங்கி வந்துள்ளது. ஆயின், உழைப்பையும் நிலத்தையும் கல்வியையும் பண்டமாக்கிவிட்ட சமுதாய அமைப்பு, இந்த மதிப்பை மட்டும் தீண்டாது விட்டுவிடுமா? விட்டுவிடவில்லை என்பதே நாம் காணும் உண்மை. மதிப்புக்கும் சந்தை உண்டு, விலை உண்டு, தரகரும் உண்டு. இச்சந்தை எமது வன்னிப் பெருநிலத்து எழுத்துலகிலே எவ்வாறு இயங்குகின்றது, அதனால் யாருடைய குரல் உயர்கின்றது, யாருடைய குரல் அமுங்குகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் வெளியீட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ வவுனியாவிலோ ஒரு மண்டபம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். இவற்றுக்கு நடுவே விழாவின் உயிர்நாடியாக விளங்குவது முதற்பிரதி வழங்கலும் சிறப்புப் பிரதிகள் வழங்கலுமாகும். வர்த்தகப் பிரமுகர் ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுகின்றார். கடித உறையொன்றைக் கொடுத்து முதற்பிரதியைப் பெறுகின்றார். படப்பிடிப்பாளர் படம் எடுக்கின்றார். பின்னர் ஒலிபெருக்கியிலே பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படுகின்றன. உறைகளும் வரிசையாக வருகின்றன. உறையின் கனத்தை அநுசரித்தே பெயரின் வரிசை அமைவதும் உண்டு. நூல் அன்றுதான் வெளிவருகின்றது. எனினும் அன்றே அது 'காலத்தின் தேவை' என்றும் 'மண்ணின் குரல்' என்றும் போற்றப்படுகின்றது. படிக்கப்படுமுன்னரே பாராட்டப்படும் பொருள் உலகிலே வேறு எதுவும் உண்டோ என்று எண்ணத் தோன்றும். மறுநாள் படங்கள் பத்திரிகையிலும் முகநூலிலும் வெளியாகின்றன. நூல் பெருவரவேற்பைப் பெற்றுவிட்டதாக அறிவிக்கப்படுகின்றது.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுதல் எளிது. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளுதலே விமரிசகனின் கடமை. எமது நாட்டுத் தமிழ் எழுத்தாளனுக்கு, ஊதியம் கொடுத்து நூலைப் பெற்று வெளியிடும் பதிப்பகம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அவனே எழுத்தாளன், அவனே பதிப்பாளன், அவனே விற்பனையாளன். மாதச் சம்பளத்திலே மிச்சம் பிடித்தோ, வீட்டிலுள்ள நகையை அடகு வைத்தோ சில நூறு பிரதிகளை அச்சிடுகின்றான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் கடதாசி விலையும் அச்சுக்கூலியும் ஏறிய ஏற்றத்தை அறியாதவர் இலர். கடைகளுக்குக் கொடுத்த பிரதிகளின் பணம் எப்பொழுது திரும்பும் என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடிவதில்லை. ஆதலால், ஒரே மாலைப் பொழுதிலே அச்சுக்கடனை அடைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி வெளியீட்டு விழாவாகின்றது. வசதி படைத்தவர் ஒருவர் இந்நிலையிலே கைகொடுப்பது குற்றமாகாது. தமிழுக்குப் புரவலர் புதியவர் அல்லர். 1901ஆம் ஆண்டு மதுரையிலே தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் பொருளுதவியைத் தமிழ் படித்தவர் எவரும் மறுத்துரையார்.

ஆனால், கடதாசிக்கு விலை கொடுப்பது வேறு. கருத்துக்கு விலை கொடுப்பது வேறு. முன்னையது எழுத்தை வாசகனிடம் கொண்டு செல்ல உதவுவது. பின்னையது வாசகனின் இடத்தையே பணம் பிடித்துக்கொள்வது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையே எமது விழா மேடைகளில் அழிந்து வருகின்றது. உறை கொடுத்தவர் முன்வரிசையிலே அமர்ந்திருக்க, நயப்புரை நிகழ்த்துபவர் நூலின் குறையை எங்ஙனம் எடுத்துரைப்பார்? அவ்வுரையே சில திருத்தங்களுடன் பத்திரிகையில் விமரிசனமாக வெளிவருகின்றது. இன்று நயந்தவரின் நூல் நாளை வெளிவரும்பொழுது, இன்று நயக்கப்பட்டவர் அங்கு சென்று நயந்துரைக்கின்றார். கடன் கொடுத்தலும் கடன் தீர்த்தலுமாக நடக்கும் இவ்வாணிபத்திலே எழுத்தின் தரம் பற்றிய பேச்சுக்கு இடமே இல்லை.

இதனிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. புரவலரின் தயவிலே வெளிவரும் எழுத்து, அவரது முகம் சுளிக்கும் விடயங்களைத் தானாகவே தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றது. எவரும் தடை விதிப்பதில்லை, எவரும் மிரட்டுவதில்லை. ஆயினும் கடையிலே நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்ணின் கூலி, மணல் அகழப்பட்டு உருக்குலைந்த ஆற்றங்கரை, நுண்கடன் வசூலிப்பவர் படலையிலே வந்து நிற்கும்பொழுது வீட்டுக்குள் ஒளியும் தாய் ஆகியன கதைப்பொருளாகாமல் மெல்ல நழுவிப்போகின்றன. அவற்றின் இடத்தை ஊர்ப்பெருமையும் பழம்பெருமையும் நிரப்புகின்றன. தணிக்கை அதிகாரி செய்ய வேண்டிய வேலையைக் கடித உறை செய்து முடிக்கின்றது.

இச்சந்தை தனது முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு வெளிப்படையாகவே நடந்த இடம் ஒன்றுண்டு. அதனை ஆராய்வது எமது நிலையை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட ஸ்டீமிட் என்னும் வலைப்பதிவுத் தளமே அது. எழுதுவோருக்கும், நல்லெழுத்தைத் தேர்ந்து வாக்களிப்போருக்கும் ஸ்டீம் என்னும் இலத்திரனியல் நாணயத்தைச் சன்மானமாக வழங்குவதாக அது அறிவித்தது. நாளாந்தம் புதிதாக ஆக்கப்படும் நாணயங்களின் ஒரு பகுதி பொது நிதியாகச் சேரும். ஒரு பதிவுக்கு 7 நாட்களுக்குள் கிடைக்கும் வாக்குகளைக் கொண்டு அந்நிதி பங்கிடப்படும். பத்திரிகை முதலாளி இல்லை, விளம்பரதாரர் இல்லை, எழுதுபவனும் படிப்பவனுமே அரசர் என்று சொல்லப்பட்டது. வெனிசூலா, நைஜீரியா போன்ற நாடுகளில் வருவாய்க்கு வழி தேடித் தவித்த இளைஞர் பலர் இதனை நாடிச் சென்றமை வியப்பன்று.

ஆனால், அங்கு ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் விதி இருக்கவில்லை. பூட்டிவைத்திருக்கும் நாணயத்தின் அளவே வாக்கின் எடை. ஆயிரம் நாணயம் உடையவனின் ஒரு சொடுக்கு, ஒரு நாணயம் உடைய ஆயிரம் பேரின் பாராட்டுக்கு நிகர். நிறுவனமும் தொடக்க காலத்தவர் சிலரும் ஆரம்பத்திலேயே நாணயத்தின் பெரும்பகுதியைத் தம் வசமாக்கிக்கொண்டிருந்தனர். அத்தகையோரைத் திமிங்கிலங்கள் என்றே அங்குள்ளோர் அழைத்தனர். முதலில் இருந்த விதிப்படி, வாக்கின் எடை இரு மடங்காகுமிடத்துச் சன்மானம் நான்கு மடங்காகும். பெரியவர் மேலும் பெரியவராக இதனிலும் சிறந்த விதி வேண்டுமோ? 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இவ்விதி மாற்றப்பட்டு, எடையும் சன்மானமும் நேர் விகிதத்திலே அமைக்கப்பட்டன. நீதி பிறந்துவிட்டது எனப் பலர் எண்ணினர். ஆனால், ஒவ்வொரு நாணயத்தின் வாக்கும் இப்பொழுது ஒரே பயனைத் தந்தமையால், வாக்கைத் துண்டு துண்டாக்கி விற்பது மிக எளிதாயிற்று. திருத்தம் சந்தையை ஒழிக்கவில்லை. அதற்குச் சீரான தராசு ஒன்றைச் செய்து கொடுத்தது.

நாணயம் உடையோர் தமது வாக்குரிமையை வாக்கு விற்கும் இயந்திரக் கணக்குகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். புகழ் வேண்டும் எழுத்தாளன் தனது பதிவின் முகவரியோடு சிறிது நாணயத்தையும் அக்கணக்குக்கு அனுப்புவான். ஏலத்திலே அவன் செலுத்திய தொகைக்கு ஏற்ற எடையுள்ள வாக்கு அவனது பதிவின்மீது விழும். அதனை எந்த மனிதனும் படித்திருக்க மாட்டான். காணிச் சொந்தக்காரர் பட்டணத்திலே இருக்கக் குத்தகைப் பணம் அவரைத் தேடிச் செல்வதைப் போன்று, எழுதாமலும் படிக்காமலும் இருந்தோருக்கு நாள்தோறும் வருவாய் சென்று சேர்ந்தது. முன்பக்கத்திலே நின்ற பதிவுகளுட் பல, பணம் செலுத்தி அங்கு ஏற்றப்பட்டவையாயின. வாக்கு வாங்காமல் எழுதியவன், தனது எழுத்து தரமற்றதாலா, தன்னிடம் பணம் இல்லாததாலா கவனிக்கப்படவில்லை என்பதை அறிய முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டான். விலைக்கு வாங்கும் புகழின் உண்மையான தீமை இதுவே. அது தகுதியற்றவனை உயர்த்துவதோடு நின்றுவிடுவதில்லை. தகுதியை அளக்கும் அளவுகோலையே முறித்துவிடுகின்றது. வாங்கியவனும் தன் எழுத்தின் உண்மை மதிப்பை ஒருநாளும் அறிய மாட்டான்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மீண்டும் விதிகள் திருத்தப்பட்டன. எழுதியவருக்கு நூற்றுக்கு 75 ஆகவும் வாக்களித்தவருக்கு 25 ஆகவும் இருந்த பங்கு, இருவருக்கும் 50 ஆயிற்று, எதிர்வாக்களிப்பதும் எளிதாக்கப்பட்டது. வாக்கு விற்பனை தளர்ந்தது. எனினும் அடிப்படை உடைமை உறவு மாறவில்லை. அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஜஸ்டின் சன் என்னும் தொழிலதிபர் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். வாங்கப்பட்டது நிறுவனம் மட்டுமன்று. அதனிடம் குவிந்திருந்த பெரும் வாக்கு எடையுமாகும். மார்ச் மாதத் தொடக்கத்திலே, நாணய மாற்று நிறுவனங்கள் சில, வாடிக்கையாளர் தம்மிடம் வைப்பிலிட்டிருந்த நாணயங்களையே வாக்காகப் பயன்படுத்தி, தளத்தின் நிருவாகிகளை மாற்ற உதவின. அதனை எதிர்த்த எழுத்தாளரும் வாசகரும் மார்ச் 20ஆம் நாள் பிரிந்து சென்று ஹைவ் என்னும் புதிய தளத்தை அமைத்தனர். அவர்களைப் பெரிதும் பிணைத்து நின்றது, ஆண்டுக்கணக்காக ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து மறுமொழி எழுதி வளர்த்த உறவே. ஆயினும் ஹைவிலும் வாக்கின் எடையை நாணயமே நிர்ணயிக்கின்றது. வீடு புதிது, அத்திவாரம் பழையது.

இதற்கும் கிளிநொச்சி மண்டபத்துக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. அங்கே கணக்கேட்டிலே எழுதி வைக்கப்பட்டது, இங்கே கடித உறைக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கின்றது. படிக்காதவன் பாராட்டுகின்றான், பாராட்டின் எடை அவன் பையின் எடை, பாராட்டப்பட்டவன் பிரதியுபகாரம் செய்கின்றான். இயக்கம் ஒன்றே.

இனி, மறுபுறத்தைப் பார்ப்போம். பணத்தாலன்றி வாசகராலே வளர்ந்த எழுத்து எமது நாட்டிலே இல்லையா? உண்டு. யாழ்ப்பாணத்திலே முடிதிருத்தும் தொழிலைச் செய்து வாழ்ந்த டொமினிக் ஜீவா, சாதியாலும் வறுமையாலும் பள்ளிப்படிப்பை முடிக்க இயலாதவர். 1960ஆம் ஆண்டு வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அவர் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழ்களைத் தாமே சுமந்து, தெருத்தெருவாகச் சென்று, கூட்டம் நடக்குமிடமெல்லாம் நின்று விற்றார். காசு கொடுத்து வாங்கியவனே அடுத்த மாதம் அவரை வழிமறித்து, இந்தக் கதை சரியில்லை என்று சொல்லவும் உரிமை பெற்றான். 400 இதழ்களைக் கடந்து, 2012 வரை அவ்விதழ் நடந்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரியிலே ஜீவா மறைந்தபொழுது அவருக்கு அஞ்சலி செலுத்தியோருள், அவரது கையிலிருந்து இதழ் வாங்கிய சாதாரண வாசகர் எண்ணற்றோர். மல்லிகையும் விளம்பரம் பெற்றது. அன்பர்களின் உதவியையும் பெற்றது. ஆனால் அதன் மதிப்பை நிர்ணயித்தவர் உதவியவர் அல்லர், வாசகர்.

வன்னியிலிருந்தே ஒரு சான்று கூறலாம். 1973ஆம் ஆண்டு வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். காடும் குளமும் வயலும் சூழ்ந்த எளிய மனிதரின் வாழ்வு அதிலே பேசப்படுகின்றது. வீரகேசரி முற்போக்கு ஸ்தாபனம் அன்று. இலாபம் கருதிய பத்திரிகை நிறுவனமே. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலச் சூழலும் அதற்குத் துணைநின்றது. எனினும் அது மலிவு விலையிலே நூல்களை அச்சிட்டு நாடெங்கும் வாசகரிடம் விற்றது. வாசகருக்கு விற்பது ஒன்று. வாசகரை விற்பது மற்றொன்று. முன்னைய வாணிபத்திலே வாசகனின் தீர்ப்புக்கு மதிப்பிருந்தது. 1984ஆம் ஆண்டு தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரை விட்டு விரட்டப்பட்டனர். ஊர் காடானது, நாவல் நின்றது. 2009 வரையிலான போரிலே வன்னியின் வாசிகசாலைகளும் வீட்டு அலுமாரிகளும் அழிந்தன. மக்கள் உயிரைக் காப்பதா, நூலைக் காப்பதா என்ற நிலையிலே நடந்தனர். எமது நூல்கள் பல மீண்டும் கிடைத்தமைக்குக் காரணம், வெவ்வேறிடங்களில் சிதறிக் கிடந்த வாசகர் அவற்றை வைத்திருந்தமையே. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி அத்தகைய பிரதிகளைத் தேடிச் சேர்த்தமையே. நூறு வாசகரிடம் பரவிய நூறு பிரதிகள் பிழைக்கும். ஒரு புரவலர் மொத்தமாக வாங்கி வைத்த நூறு பிரதிகள் ஒரே கூரையின்கீழ் எரியும், அல்லது கறையானுக்கு இரையாகும்.

ஆயின், இயற்கையாக வளர்வதே நன்று என்று கூறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஏமாற்றே. 2021ஆம் ஆண்டின் அநுபவத்தை வன்னி விவசாயி மறந்திருக்க மாட்டான். இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு ஒரே இரவிலே தடை செய்தது. சேதனப் பசளைக்கு மாறும்படி கட்டளையிட்டது. கொள்கையின் பெயர் அழகாகவே இருந்தது. ஆனால் மண்ணைப் பதப்படுத்தக் காலமும் கொடுக்கப்படவில்லை. போதிய பசளையும் கொடுக்கப்படவில்லை. அவ்வாண்டுக் காலபோகம் வீழ்ச்சியடைந்தது. நவம்பரிலே அரசு பின்வாங்கியது. மண்ணை வளர்க்காமல் பயிரை மட்டும் 'இயல்பாக வளர்' என்று பணிப்பது, பட்டினி கிடக்கும்படி பணிப்பதற்கே ஒப்பாகும். எழுத்துக்கும் இதுவே நியதி. ஜீவாவும் பாலமனோகரனும் வெற்று நிலத்திலே முளைத்தவர் அல்லர். 1954இலே உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இருந்தது. 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி போன்றோர் புதிய எழுத்தாளருக்குப் பத்திரிகையின் பக்கங்களைத் திறந்துவிட்டனர். மரபு பற்றியும் மண்வாசனை பற்றியும் காரசாரமான விவாதங்கள் நடந்தன. அவையே மண், அவையே பசளை. இன்று அவை மெலிந்து கிடக்க, வளர விரும்பும் இளைஞன் சந்தையை நோக்கித் திரும்புவதிலே வியப்பில்லை.

இவ்விடத்திலே வர்க்க நிலையை மறந்து பேசுதல் தகாது. இன்றைய வன்னியிலே நூல் வெளியிடுவதற்குத் துணைபுரியும் பணத்தின் கணிசமான பகுதி புலம்பெயர்ந்த உறவினரிடமிருந்து வருகின்றது. கனடாவிலே மாமனும் இலண்டனிலே சித்தப்பாவும் உடையவனின் கவிதைத் தொகுதி வண்ண அட்டையுடன் வெளிவரும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு அத்தகைய மாமன்மார் இல்லை. காணி உறுதிக்காக இன்னும் அலையும் குடும்பங்கள் அவர்களிடையே உண்டு. பிறர் வயலிலே கூலிக்கு நாற்று நட்டுவிட்டு இரவிலே கதை எழுதும் ஒரு பெண்பிள்ளை அவர்களுள் இருப்பாளாயின், அவளது எழுத்தை எந்த உறை சுமந்து செல்லும்? புகழ் விலைக்குரியதாகுமிடத்து முதலிலே ஊமையாக்கப்படுபவர், சொல்லுவதற்கு மிக அதிகம் உடையவரே. எனவே இது எழுத்தாளரின் ஒழுக்கம் பற்றிய சிறு விவகாரமன்று. மக்களின் வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு என்பது பற்றிய விவகாரமாகும்.

செய்ய வேண்டியது யாது? வெளியீட்டு விழாக்களை ஒழித்துவிடும்படி நாம் கோரவில்லை. நூல் வெளிவந்து ஒரு மாதம் கழித்து, படித்தவர்கள் மட்டும் பேசும் ஆய்வரங்கு ஒன்றையும் நடத்துங்கள் என்கின்றோம். உதவியவரின் பெயரை நன்றியுரையிலே சொல்லுங்கள். விமரிசகரின் நாற்காலியிலே அவரை அமர்த்தாதீர்கள். நயப்புரையை விமரிசனம் என்ற பெயரிலே அச்சேற்றும் வழக்கத்தைச் சஞ்சிகைகள் கைவிட வேண்டும். புலம்பெயர்ந்த அன்பர்கள் தனிமனிதரின் நூலுக்கு அனுப்பும் பணத்தின் ஒரு பங்கையேனும் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு அனுப்புவார்களாயின், பத்து எழுத்தாளருக்கு வாசகர் கிடைப்பர். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் சிறப்பான பொறுப்புண்டு. பாடசாலையிலே மாதம் ஒரு நூலைப் பத்து மாணவர் கூடிப் படித்து, நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் எழுதப் பழகுவாராயின், அங்கே விலைக்கு வாங்க முடியாத ஒரு வாக்கு பிறக்கின்றது. கையெழுத்துச் சஞ்சிகையாயினும் சரி, கைத்தொலைபேசியிலே பகிரும் பக்கமாயினும் சரி, படித்தவனின் நேர்மையான ஒரு வரி, படிக்காதவனின் பொன்னாடையிலும் கனமானது என்பதை மாணவர் உணர வேண்டும்.

இவ்வழி மெதுவானது, முதற்போகத்திலே விளைச்சல் குறைவாகவே இருக்கும். ஆனால் மண் எமதாகும். குத்தகை நிலத்திலே செழித்த பயிரைக் காட்டிப் பெருமை கொள்வோர் கொள்ளட்டும். குத்தகை முடியும் நாளிலே அவர் வெறுங்கையுடன் வரம்பிலே நிற்பர். உழைக்கும் மக்களைப் பற்றி எழுத முன்வரும் எழுத்து, அம்மக்களிடமிருந்தே தனது மதிப்பைப் பெறட்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட எழுத்தை எந்தச் சந்தையாலும் விலை பேச முடியாது.